இறம்பொடை மலையும் கான் வெட்டும்

கம்பளையிலிருந்து நுவரெலியா நோக்கி ஏறும் பெருவீதி, புஸ்ஸல்லாவையைக் கடந்து, தவலந்தன்னைச் சந்தியை விட்டு மேலே செல்லும்போது இறம்பொடையை வந்தடைகின்றது. அங்கே மலை செங்குத்தாக நிமிர்ந்து நிற்கின்றது. நூறு மீற்றருக்கு மேற்பட்ட உயரத்திலிருந்து நீர்வீழ்ச்சி இரைந்து விழுகின்றது. கீழே கொத்மலை நீர்த்தேக்கம் கண்ணாடி போல் விரிந்து கிடக்கின்றது. வழிச்செல்வோர் நீர்வீழ்ச்சியைக் காண்பர். தேயிலையின் பசுமையைக் காண்பர். அநுமன் கோயிலில் வண்டியை நிறுத்திக் கும்பிட்டுச் செல்வர். தேயிலைச் செடிகளுக்கு இடையே மலையைக் குறுக்காகச் சுற்றி வரிவரியாகச் செல்லும் மண் வாய்க்கால்களைக் காண்போர் மிகச் சிலரே. தோட்டத்து மக்கள் அவற்றைக் கான் என்பர்.

கான் என்பது எளிய பொருள். மண்ணிலே வெட்டப்பட்ட ஒரு பள்ளம், அவ்வளவே. ஆயினும், இம்மலைநாட்டின் இருநூறு ஆண்டு வரலாற்றில் அதற்குள்ள இடம் சிறிதன்று. காடு அழிந்த இடத்திலே காட்டின் தொழிலைச் செய்யுமாறு அமர்த்தப்பட்டது கான். அத்தொழிலை அது எவ்வளவு செய்தது, எங்கே தவறியது, மழையின் இயல்பே மாறிவரும் இந்நாளில் அதனிடம் எதனை எதிர்பார்க்கலாம் என்பன ஆராயத்தக்கவை.

காடு மழையை எவ்வாறு ஏற்றது என்பதை முதலிற் காண்டல் வேண்டும். உயர்ந்த மரங்களின் இலைக்கூரை மழைத்துளியின் வேகத்தைத் தணித்தது. தணிந்து இறங்கிய நீரை, நிலத்தில் மெத்தைபோற் கிடந்த சருகு உறிஞ்சியது. சருகின் கீழிருந்த வேர்ப்பின்னல் அதனை மெல்ல மெல்ல உள்ளே விட்டது. பெய்த மழையின் பெரும்பகுதி நாட்கணக்கிலும் வாரக்கணக்கிலும் ஊற்றாகக் கசிந்து ஓடையை அடைந்தது. ஓர் ஏக்கர் நிலத்தில் ஓர் அங்குல மழை பெய்தால், அங்கு விழும் நீரின் நிறை ஏறத்தாழ 100 தொன். அத்துணைப் பாரத்தை மண் நகராமல் கீழிறக்கும் வித்தையைக் காடு அறிந்திருந்தது.

அக்காட்டினுள் முதற் பெரும் பிளவு வீதியால் உண்டாயிற்று. 1824 முதல் 1831 வரை இலங்கையின் தேசாதிபதியாக இருந்த எட்வர்ட் பார்ண்ஸ், நுவரெலியாவை ஆங்கிலப் படையினரும் அதிகாரிகளும் உடல்நலம் தேறும் இடமாக்க விரும்பினார். அதற்காகக் கண்டியிலிருந்து இறம்பொடைக் கணவாய் வழியே பாதை திறக்கப்பட்டது. பாதை சென்ற இடமெல்லாம் கோப்பியும் பின்தொடர்ந்தது. 1840 ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம், உரிமைப் பத்திரம் காட்ட இயலாத காடுகளையும் சேனை நிலங்களையும் அரசுக்கு உரியன ஆக்கியது. அவ்வரசு அவற்றைத் தோட்டம் திறப்போருக்கு விற்றது. ரொத்சைல்ட் குடும்பத்தின் உறவினரான வோர்ம்ஸ் சகோதரர் 1841 அளவில் புஸ்ஸல்லாவையில் தம் குடும்பப் பெயரால் ஒரு தோட்டம் திறந்தனர்; சீனத்துத் தேயிலைச் செடியை அங்கே நட்டும் பார்த்தனர். இறம்பொடையை அடுத்த கொண்டகலையும் அவர்கள் கைப்பட்ட தோட்டமே. அதற்கும் மேலே லபுக்கலை, மக்வுட் என்னும் கப்பற் தலைவரின் பெயரோடு இணைந்து வளர்ந்தது.

மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுப்பாதையில் நடந்து வந்த தமிழகத்துத் தொழிலாளரே இக்காடுகளை வெட்டினர். மரங்களை வெட்டிச் சாய்த்து, வெயிலிற் காயவிட்டு, தீயிட்டபின், கருகிய நிலத்திலே கோப்பிக் கன்றுகளை நிரைநிரையாக நட்டனர். புல் பூண்டு ஒன்றேனும் முளைத்திராத நிலமே நல்ல தோட்டம் என்பது அக்காலத் துரைமாரின் கொள்கை. புல்லைச் செதுக்கித் தள்ளுதற்குத் தொழிலாளர் கையில் சுரண்டி கொடுக்கப்பட்டது. இச்சொல் தோட்டத்துரைமாரின் ஆங்கிலத்திலும் அப்படியே புகுந்துகொண்டது. மண்வெட்டியும் அவர்கள் வாயில் மமோட்டி ஆயிற்று. தமிழ் மொழி இவ்வாறு இரண்டு சொற்களை ஈந்தது பெருமைக்குரியதே. ஆயின், அவ்விரு கருவிகளுள் முன்னதால் மலைக்கு நேர்ந்த கேட்டை எண்ணும்போது அப்பெருமை சற்றுக் குறைகின்றது. சுரண்டி புல்லை மட்டும் எடுப்பதில்லை. புல்லோடு மேல்மண்ணையும் தளர்த்திவிடும். அடுத்த மழை அதனைக் கொண்டு போய்விடும்.

கோப்பிக் காலத்து முதல் தோட்டங்கள் பலவற்றில் கான் இல்லை. பின்னர் வெட்டப்பட்ட கான்களும் நீரை எவ்வளவு விரைவில் தோட்டத்தை விட்டு அகற்றலாம் என்பதையே நோக்கமாகக் கொண்டன. சரிவு மிகுந்த கானில் நீர் பாய்ந்தோடும். பாய்ந்தோடும் நீர் கானின் அடியையே அரித்து ஆழமாக்கும். ஈற்றில் மழைநீரும் மண்ணும் ஒன்றாக ஓடையிலே போய் விழும். பிரித்தானியத் தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் 1873 இல், ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட காட்டை அழியாமற் காத்தல் வேண்டும் என்று ஆலோசனை கூறினார். முகட்டுக் காடு மழைக்கும் ஆற்றுக்கும் உயிர்நாடி என்பதை அவர் உணர்ந்திருந்தார். ஆயின், முகட்டின் கீழ்க் கிடந்த இறம்பொடைச் சரிவுகள் அதற்கு முன்னரே வெளுத்துப் போயிருந்தன.

1869 இல் கோப்பி இலையிலே செந்நிறத் துருநோய் தோன்றியது. இருபது ஆண்டுகளுக்குள் அப்பயிர் மலைநாட்டில் ஏறத்தாழ அற்றுப்போயிற்று. லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 1867 இல் நட்ட தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. பயிர் மாறிற்றே அன்றி மண் மாறவில்லை. கோப்பி தின்று மிச்சம் விட்ட மண்ணில்தான் தேயிலை நடப்பட்டது. ஆதலால் தேயிலைக் காலத்தில் கான் வெட்டு இன்றியமையாத வேலையாயிற்று. கொழுந்தெடுப்பு, கவ்வாத்து, உரம் போடுதல், முள்ளுக் குத்துதல், கான் வெட்டு என்று தோட்ட வேலைகளை எண்ணும் வழக்கம் உண்டு. கொழுந்தெடுப்பைப் பற்றிப் பாட்டும் கதையும் படமும் உண்டு. கான் வெட்டைப் பாடியவர் அரியர்.

அவ்வேலை எளியதன்று. கருவி கொண்டு மட்டம் பார்த்து, மலையைக் குறுக்காகச் சுற்றி முளைகள் அறையப்படும். கான் முற்றும் மட்டமாக இருந்தால் நீர் தேங்கிக் கரையை உடைக்கும். சரிவு மிகுந்தால் அடியை அரிக்கும். ஏறத்தாழ நூற்றிருபது அடி நீளத்துக்கு ஓர் அடி இறக்கம் என்பது பின்னாளிற் கைக்கொள்ளப்பட்ட அளவு. கண்ணால் பார்ப்பவருக்கு அது இறக்கமாகவே தோன்றாது. அந்நுண்ணிய சாய்வை ஒரு மலையின் இடுப்பு முழுவதும், பாறை குறுக்கிட்ட இடத்திலும் பள்ளம் குறுக்கிட்ட இடத்திலும் பிறழாமல் கொண்டு செல்லுதல் வேண்டும். முளை அறைந்தபின் ஆண்கள் மண்வெட்டியும் அலவாங்கும் கொண்டு இறங்குவர். ஒரு நாளைக்கு இத்தனை அடி என்று கணக்கப்பிள்ளை அளந்து விடுவார். பெரும்பாலும் மழைக்கு முந்திய நாள்களிலே வேலை நடக்கும். மழை முந்திக்கொண்டால் கம்பளியைத் தலையிற் போட்டுக்கொண்டு சேற்றில் நின்று வெட்டுவர். குறுக்குக் கான்கள் யாவும் ஓடை வழியே இறங்கும் பெருங்கானில் வந்து சேரும். அப்பெருங்கானுக்குக் கல் பாவிப் படி அமைத்தல் உண்டு. நீர் படிக்குப் படி விழுந்து தன் வேகத்தை இழக்கும்.

வெட்டி முடித்தாலும் கான் முடிந்த பொருள் ஆகாது. ஒரு பருவ மழையில் அது பாதி தூர்ந்துவிடும். சருகும் மண்ணும் கல்லும் வந்து அடைக்கும். அதனைத் தூர்வாரி, தங்கிய மண்ணை அள்ளி, மீண்டும் செடியின் அடியில் இடுதல் வேண்டும். அடுத்த ஆண்டும் அவ்வாறே செய்தல் வேண்டும். வீட்டையும் பாலத்தையும் போலக் கட்டி முடித்துவிட்டுப் போகத்தக்கது அன்று கான். அது ஆண்டுதோறும் மனிதக் கையால் புதிதாக உண்டாக்கப்படுவது. இவ்வுண்மையை மறந்த இடங்களிலேயே பிற்காலத் துன்பங்கள் தோன்றின.

தோட்டத்தை விட்டு வெளியேறிய நீர் எங்கே சென்றது? கொத்மலைப் பள்ளத்தாக்கில் சிங்களக் குடியானவர் பல நூற்றாண்டுகளாகப் படிப்படியாக வயல் அமைத்து நெல் விளைத்து வந்தனர். மேலே இருந்த தோட்டங்களின் கான்கள் தம் மண்ணை ஓடைகளிற் கொண்டுவந்து கொட்டியபோது, அம்மண் கீழிருந்த வயல்களிலும் வாய்க்கால்களிலும் படிந்தது. மலைநாட்டின் பல பகுதிகளிலும் இதே முறைப்பாடு எழுந்தது. துரைக்கு அகன்ற மண் குடியானவனுக்கு வந்து சேர்ந்த சுமை ஆயிற்று. இவ்வழக்கில் கான் வெட்டிய தொழிலாளிக்கு எப்பங்கும் இல்லை. முளை அறைந்த இடத்தில் வெட்டுவது மாத்திரமே அவன் கடமை.

மண்ணரிப்பைப் பற்றி ஆராய அரசாங்கம் ஒரு குழுவை அமைத்தது. அதன் அறிக்கை 1931 இல் வெளிவந்தது. 1925 இல் நிறுவப்பட்டுத் தலவாக்கலை சென்ட் கூம்ஸ் தோட்டத்தில் நிலைபெற்ற தேயிலை ஆராய்ச்சி நிலையமும் இவ்விடயத்தைக் கையிலெடுத்தது. சுரண்டியைக் கைவிடச் சொல்லப்பட்டது. சமவுயரக் கோட்டின் வழியே செடி நடும் முறை பரவிற்று. வெற்று நிலத்தைக் குவாத்தமாலாப் புல்லாலும் மானாப் புல்லாலும் மூடச் சொல்லப்பட்டது. கானின் உள்ளே இடைக்கிடை மண் தடுப்பு விடும் முறையும் வந்தது. தடுப்புக்கும் தடுப்புக்கும் இடையே நீர் சற்றுத் தங்கும். தங்கும்போது மண் அடியில் படியும். மிகுந்த நீர் மட்டும் தடுப்பின் மேலாக வழிந்து அடுத்த குழிக்குச் செல்லும். நீரை விரட்டும் கான், நீரை நிறுத்திப் பேசும் கான் ஆயிற்று. கான் வெட்டின் வரலாற்றில் இதுவே மிகப் பெரிய அறிவுத் திருப்பம் எனலாம்.

அத்திருப்பத்தின் பயன் சிறிதன்று. மலைநாட்டில் நடந்து 1980களில் வெளியான அளவீடுகளின்படி, செடி ஐதாகிப் பேணலின்றிக் கிடந்த பழைய விதைத் தேயிலை நிலம் ஹெக்டேயருக்கு ஆண்டொன்றில் 50 தொன்னுக்கும் மேற்பட்ட மண்ணை இழந்தது. நன்கு மூடிப் பேணப்பட்ட தேயிலை நிலம் ஒரு தொன்னும் இழக்கவில்லை. மழை ஒன்றே, பயிர் ஒன்றே, மனிதர் கை பட்டதும் படாததுமே வேறுபாடு.

1947 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்துப் பெருவெள்ளம் இதனை நாடு முழுவதற்கும் உணர்த்திற்று. நான்காண்டுகளின் பின், 1951 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்க மண்பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. சரிந்த நிலத்தை உடையவர் கான் வெட்டவும், அணை கட்டவும், மண்ணை மூடவும் சட்டத்தால் கட்டாயப்படுத்தப்படலாயினர். இச்சட்டம் நல்ல சட்டமே. ஆயினும் அதன் கண் நிலத்தின் மீதே இருந்தது. அந்நிலத்தில் வாழ்ந்தவர் மீது அது விழவில்லை.

தொழிலாளர் குடியிருந்த லயன்களின் கதை வேறு. பத்து அடிக்குப் பன்னிரண்டு அடி என்ற அளவிலான அறைகளை நிரையாக அடுக்கிக் கட்டிய அக்குடியிருப்புகளுக்குத் தேயிலை விளையும் நல்ல நிலம் ஒதுக்கப்படவில்லை. ஓடைக்கு அண்மையில், சரிவின் அடியில், மேட்டை வெட்டி எடுத்த சமதரையிலே அவை பெரும்பாலும் அமைந்தன. வாசலை ஒட்டி ஒரு கான் ஓடும். அக்கானை வெட்டச் செய்தது மண்பாதுகாப்புச் சட்டம் அன்று, சுகாதாரக் கவலையே. 1912 ஆம் ஆண்டின் மருத்துவ வசதிச் சட்டமும், 1916 முதல் ரொக்பெல்லர் நிறுவனத்தின் துணையுடன் நடந்த கொளுக்கிப்புழு ஒழிப்பு இயக்கமும் தோட்டங்களில் கழிப்பிடத்தையும் கழிவுநீர்க் கானையும் பற்றிய அக்கறையைக் கொண்டுவந்தன. குளித்த நீரும் கழுவிய நீரும் தேங்காமல் ஓடவே லயத்துக் கான் கட்டப்பட்டது. லயத்தின் பின்னே நிமிர்ந்து நிற்கும் மலையிலிருந்து புயல்மழை இறங்கினால் அதனைத் தாங்க அது கட்டப்படவில்லை. ஆக, ஒரே மலையில் இரண்டு கான்கள் இருந்தன: தேயிலையைக் காக்க ஒன்று, நோயைத் தடுக்க மற்றொன்று. குடியிருப்பின் மேல் மலை இறங்காமற் காக்கும் மூன்றாவது கான் எவர் கணக்கிலும் இருக்கவில்லை.

பழைய தேயிலைக் கான் நன்கு பேணப்பட்டவரையில், அது தன்னை அறியாமலே இம்மூன்றாம் தொழிலையும் ஓரளவு செய்து வந்தது. மேலே நீரைத் திசைதிருப்பியதால் கீழேயிருந்த லயமும் தப்பிற்று. பின்னர் கைகள் குறையத் தொடங்கின. 1948 இன் பிரசாவுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தமிழரை நாடற்றவர் ஆக்கியது. 1964 இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கையின்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாயிற்று. ஆண்டாண்டாகப் பெட்டி கட்டிக்கொண்டு தலைமன்னாருக்கு இறங்கியவர்களுள், எந்த மலையில் எந்தக் கான் எங்கே வளையும் என்று காலால் அறிந்தவர் எத்தனையோ பேர். 1972 லும் 1975 லும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் கம்பனிகளின் நிருவாகத்துக்குச் சென்றன. அதன் பின்னர்க் கம்பனித் தோட்டங்களில் வேலை செய்வோர் தொகை பாதிக்கும் கீழே இறங்கியது. குறைந்த கைகளை வைத்துக்கொண்டு எவ்வேலையை விடுவது என்ற கேள்வி எழும்போது கொழுந்தெடுப்பை விட முடியாது. அன்றன்றைய வருவாய் அதிலிருக்கிறது. தள்ளிப் போடத்தக்கது கான் வெட்டே. ஓராண்டு தள்ளினால் ஒன்றும் தெரியாது. பத்தாண்டு தள்ளினால் கான் இருந்த இடமே தெரியாது.

இறம்பொடைக்குக் கீழே, 1979 இல் தொடங்கிச் சுவீடன் நாட்டு உதவியுடன் கட்டப்பட்ட கொத்மலை அணை 1985 இல் திறக்கப்பட்டது. 174 மில்லியன் கன மீற்றர் நீரைத் தாங்கும் அத்தேக்கத்தில் பழைய வயல்களும் ஊர்களும் மூழ்கின. மகாவலியில் அதற்குக் கீழேயுள்ள பொல்கொல்லை அணைக்கட்டு 1976 இல் இயங்கத் தொடங்கிப் பன்னிரண்டே ஆண்டுகளில், தன் கொள்ளளவில் நூற்றுக்கு நாற்பது பங்குக்கும் மேலாக மண்ணால் நிறைந்துபோயிற்று. மலையில் தூர்வாராத கானின் கணக்கை அணைக்கட்டு இவ்வாறு எழுதி வைத்தது.

இந்நிலையிலேதான் மழையும் மாறலாயிற்று. பேராதனைப் பல்கலைக்கழகப் புவியியலாளர் மத்தும பண்டார முதலியோரின் ஆய்வுகள், மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவுகளில் தென்மேல் பருவ மழையின் ஆண்டுத் தொகை இருபதாம் நூற்றாண்டிற் குறைந்து வந்ததைக் காட்டின. மழை குறைந்தால் கானின் பளுவும் குறையும் என்று நினைப்பது இயல்பு. அந்நினைப்புப் பிழையானது. கானுக்கு ஆண்டுத் தொகை தெரியாது. ஒரு மணி நேரத்தில் எவ்வளவு வருகின்றது என்பதே அதற்குத் தெரியும். வெப்பநிலை ஒரு பாகை செல்சியசு உயர்ந்தால் காற்று ஏறத்தாழ நூற்றுக்கு ஏழு பங்கு மிகுதியான நீராவியைத் தாங்கும் என்பது பௌதிக நூலார் முடிவு. ஆதலால் மழையற்ற நாள்கள் நீள்வதும், பெய்யும் நாளில் ஒருசேரக் கொட்டுவதும் ஒருங்கே நிகழக்கூடியன. நாட்கணக்கில் தூறும் பருவ மழைக்கு ஏற்ப அளந்து வெட்டிய கான், ஒரே நாளில் 150 மில்லிமீற்றர் பெய்தால் என்ன செய்யும்? அது ஏக்கருக்கு 600 தொன் நீர்.

செய்வதை நிலவியலார் கண்டிருக்கின்றனர். தூர்ந்த கானில் நீர் முதலிலே தேங்கும். பின்னர் மிகத் தாழ்ந்த ஓரிடத்தில் கரையை உடைக்கும். பத்து ஏக்கர் நிலத்தின் நீர் முழுவதும் அந்த ஒரே உடைப்பின் வழியாகச் சரிவில் இறங்கும். கான் இல்லாதிருந்தால் பரந்து இறங்கியிருக்கும் நீர், கான் இருந்ததனாலேயே ஒன்றுதிரண்டு ஒரு புள்ளியைத் தாக்கும். தேங்கிய நீரின் ஒரு பகுதி நிலத்தினுள்ளும் இறங்கும். பாறைக்கும் அதன்மேற் கிடக்கும் உக்கிய மண்ணுக்கும் இடையே சென்று, மண்ணை ஒன்றோடொன்று பற்றவைக்கும் பிடிப்பைத் தளர்த்தும். அப்போது சரிவு முழுவதும் ஒரே துண்டாக நகரும். ஆகவே, பேணப்படாத கான் பயனற்ற பொருள் மட்டுமன்று. சில வேளை இல்லாமையினும் கொடியது.

அட்டன் பாதையிலுள்ள வட்டவளையில் 1992 இல் மலைச்சரிவு ஒன்று புகையிரதப் பாதையை இடம் பெயர்த்தது. அதற்குக் கண்ட பரிகாரம் பெருஞ்சுவர் அன்று. மலையின் உள்ளே நீண்ட துளைகளை இட்டு, ஒளிந்திருந்த நீரை வெளியே இறக்கினர். கான் வெட்டே அது. நிலத்துக்கு மேலே வெட்டாமல் உள்ளே வெட்டியது ஒன்றே வேறுபாடு. 2013 முதல் யப்பானியக் கடனுதவியால் மலைநாட்டு நெடுஞ்சாலைகளின் சரியும் இடங்களைக் காக்கும் திட்டத்திலும் இம்முறை இடம்பெற்றது. வீதியைக் காக்கப் பொருளும் அறிவும் கிடைத்தன. வீதிக்கு மேலும் கீழும் இருந்த லயன்களுக்கு அவை அந்த அளவிற் கிடைக்கவில்லை.

லயன்களுக்குக் கிடைத்தது எச்சரிக்கை. 1984 இல் நிறுவப்பட்ட தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம், 1990 அளவில் மண்சரிவு அபாய வரைபடங்களைத் தயாரிக்கத் தொடங்கியது. ஒரு நாளில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பு, 100 பெய்தால் எச்சரிக்கை, 150 பெய்தால் வெளியேற்றம் என்று அளவுகள் வகுக்கப்பட்டன. இவை பயனுடையன. ஆயின் வெளியேறிச் செல்ல ஓர் இடம் வேண்டும். 2014 ஒக்டோபர் 29 ஆம் நாள் காலை, பதுளை மாவட்டத்தில் கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டத்து லயன்கள் மண்ணில் புதைந்தன. முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவ்விடம் ஆபத்தானது என்று முன்னரே அறிவிக்கப்பட்டிருந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இலங்கையைக் கடந்தபோது, ஒரே நாளில் 300 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்த இடங்களும் மலைநாட்டில் உண்டு. எச்சரிக்கை அளவின் கடைசிப் படியைப் போல் அது இருமடங்கு. நாடெங்கும் அறுநூறுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களே மிகுதியாக இழந்தன. பெருவீதிகள் துண்டிக்கப்பட்டு நுவரெலியா நாட்கணக்கில் தனித்து நின்றது.

இத்தகைய மலையும் மழையும் உள்ள பிற நாடுகள் என் செய்தன என்று பார்ப்பது தகும். ஹொங்கொங்கில் 1972 யூன் 18 ஆம் நாள் ஒரே நாளில் இரண்டு மண்சரிவுகள் 138 பேரைக் கொன்றன. 1976 இல் மீண்டும் ஒன்று. அடுத்த ஆண்டு அந்நகர அரசு சரிவுகளுக்கென்றே ஒரு பொறியியல் அலுவலகத்தை நிறுவிற்று. மனிதர் வெட்டியும் நிரப்பியும் உண்டாக்கிய சரிவுகள் காலப்போக்கிற் பதிவு செய்யப்பட்டு ஒவ்வொன்றும் ஓர் இலக்கம் பெற்றன. அவற்றின் தொகை ஏறத்தாழ அறுபதினாயிரம். ஒவ்வோர் இலக்கத்துக்கும் எதிரே, அச்சரிவைப் பேணும் பொறுப்பு யாருடையது என்று எழுதப்பட்டுள்ளது. மழைக்காலத்துக்கு முன்னே அதன் கான்களை அவர் துப்புரவாக்குதல் வேண்டும். அந்நகரின் செல்வத்தை இறம்பொடை பெறுதல் அரிது. இலக்கமும் பெயரும் எழுதிய ஒரு புத்தகத்துக்கு அத்துணைச் செல்வம் வேண்டியதில்லை.

இறம்பொடையில் அப்பெயர் யாருடையதாக இருக்கும் என்பதிலேதான் சிக்கல். நகரத்துக் கான்களை நகரசபை பார்க்கும். கிராமத்துக் கான்களைப் பிரதேச சபை பார்க்கும். தோட்டம் இரண்டிலும் சேராதது. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபையின் பணத்தைச் செலவிடுவதற்குத் தடையாக நின்றது. தோட்டத்து மக்கள் சபைக்கு வாக்களிப்பர். அச்சபை அவர்கள் வாசலில் ஒரு கான் கட்டித்தர முடியாது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் நிலைத்த இவ்விசித்திரம் 2018 இல் திருத்தப்பட்டது. அதன்பின், பிரதேச சபை தோட்டத்துக்குள் சென்று பாதையும் கானும் அமைக்கச் சட்டம் இடம் தருகின்றது.

அத்திருத்தம் லயத்து வாசற்கான் வரையிலேதான் எளிதிற் செல்லும். குடியிருப்பை மலையிலிருந்து காக்கும் கான் வாசலில் இல்லை. அது லயத்துக்கு மேலே, தேயிலை நிரைகளின் நடுவே, கம்பனி குத்தகைக்கு எடுத்த நிலத்திற் கிடக்கின்றது. அதன் அளவைப் பெரிதாக்கவும், அடிக்குக் கல் பாவவும், கீழிறங்கும் நீரை லயத்தை விலக்கி ஓடையிற் சேர்க்கவும் வழி தெரியாதவர் எவருமில்லை; சென்ட் கூம்ஸ் நிலையத்தின் அறிவுரையும், மண்சரிவு வரைபடமும், மூன்று தலைமுறையாகக் கான் வெட்டிய கைகளும் அம்மலையிலேயே உண்டு. ஒவ்வொரு பருவத்துக்கு முன்னும் அதனைத் தூர்வார நான்கு ஆள்கள் சில நாள்கள் வேலை செய்தல் வேண்டும். அந்நாள்களுக்குரிய பேரைத் தோட்டத்துச் செக்றோலில் தேயிலை வேலையாகப் போடுவதா, குடியிருப்பு வேலையாகப் போடுவதா, அன்றிச் சபையின் கணக்கில் எழுதுவதா என்பது இன்னும் தீராத வழக்கு.